ஒட்டுத் தெரியாத மூங்கில்

1953 ஜூன் 7 – திருமணப் படம், மறுபடி எடுத்தது. 12 வெள்ளி.
1954 ஆகஸ்ட் 14 – தடித்த காகிதம், 36 அங்குலச் சதுரம், 4 தாள். 3 வெள்ளி 20 காசு.
1955 மார்ச் 5 – மஞ்சள் காவி, கரும்பழுப்பு, ஆளிவிதை எண்ணெய். 7 வெள்ளி 45 காசு.
1956 பிப்ரவரி 11 – பழைய நாள்தாள் 27. விலை இல்லை.
1956 அக்டோபர் 22 – எழுதுகூலி. வாங்கவில்லை.
1957 செப்டம்பர் 9 – மூங்கில் காகிதம், சுருள் ஒன்று. 2 வெள்ளி 80 காசு.
1957 செப்டம்பர் 16 – பதிவுத் தபால், சிங்கப்பூர். 45 காசு.

இந்த ஏழு வரிகளும் என் குறிப்பேடுகளில் இருப்பவை. நாற்பத்தொரு ஆண்டுகள் மலாக்கா பட்டணத்தில் ஒரு சீனர் கடையில் கணக்கு எழுதும் கிராணியாக வேலை பார்த்தேன். சாயம், ஆணி, கயிறு, எண்ணெய் விற்கிற கடை. கடைக் கணக்கு கடையோடு போயிற்று. என் சொந்தக் குறிப்பேடுகள் மட்டும் என்னிடம் இருக்கின்றன.

சென்ற மாதம் புக்கிட் பாருவில் இராமலிங்கம் என்பவர் தம் பழைய பலகை வீட்டைப் பிரித்தார். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஒரு முழம் கிழித்து என்னிடம் கொண்டுவந்தார்.

"தொட்டுப் பாத்தாத்தான் ஐயா காகிதம்னு தெரியுது. தூரத்துலேருந்து பாத்தா அசல் மூங்கில் தட்டி. ஓரத்துல சேதுபதி, மலாக்கான்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. நம்ம ஆளுங்களா வரைஞ்சது?"

நம் ஆள்தான் வரைந்தார். ஆனால் ஓரத்தில் இருப்பது அவர் பெயர் இல்லை. அந்தப் பெயரைத் திருத்த 1957இல் ஒருமுறை முயன்று தோற்றோம். இப்போது இதை எழுதி வைக்கிறேன்.

வரைந்தவர் நல்லையா. 1919இல் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரம் சீவுகிறவர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். பதினெட்டு வயதில் பட்டணத்துக்கு வந்து கடைப்பலகைகளுக்குச் சாயம் அடித்தார். காஜா பெராங்கில் சடக்கை, அதாவது சாலையை, விட்டு உள்ளே தள்ளி ஒரு பலகை வீடு. அடுப்படிக்கு மட்டும் மூங்கில் தட்டிச் சுவர். மனைவி கோகிலா. பிள்ளை இல்லை.

சேதுபதி அதே லயத்தில் அடுத்த வீட்டில் பிறந்தவர். யுத்தம் முடிந்ததும் ஒரு சிறிய ஸ்டூடியோ வைத்தார். 1948இல் வந்த அவசரகாலத்தில் எல்லாரும் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று ஆனபோது, ஸ்டூடியோ வாசலில் ஆள் வரிசை வெயிலில் நின்றது. அதில் சேதுபதி நிமிர்ந்தார். குடும்பப் படம் எடுக்க வருகிறவர்களுக்குப் பின்னால் தொங்கவிடும் திரைகளை நல்லையா வரைந்து கொடுத்தார். தூண், படிக்கட்டு, அன்னம் மிதக்கும் குளம். ஊருக்கு அனுப்புகிற படத்தில் எல்லாரும் மாளிகையில் வாழ்ந்தார்கள். படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருக்கும். திரை வரைந்தவர் பெயர் எங்கும் இருக்காது. காஜா பெராங்கில் அவரைச் 'சாயக்காரன்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருமுறை என் கடையில் ஒரு சாய டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மூடி செஞ்சவன் பேரு கூட அடியில இருக்கு பாருங்க கிராணியாரே," என்றார். நான் பார்த்தேன். இருந்தது.

மாளிகைத் திரை சலித்துப்போய், நம் ஊர் வீடு போல ஒரு திரை வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நல்லையா மூங்கில் தட்டி வரைந்தார். பன்னிரண்டு அடி அகலம். துணி மூன்று அடி அகலத்தில்தான் வரும். நான்கு துண்டைச் சேர்த்துத் தைக்க வேண்டும். துணியை அளந்து கொடுத்தவன் நான்.

1953 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை, காஜா பெராங் செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பிலிருந்து ஒரு திருமணக் கூட்டம் படம் எடுக்க வந்தது. கடை விடுமுறை, நானும் ஸ்டூடியோவில் இருந்தேன். மலாக்காச் செட்டிகள் சாமி கும்பிடுவது நம்மைப் போல, பேசுவது மலாய். முதலில் எடுத்த படத்தை மாலையில் கழுவிப் பார்த்தபோது, துணிகள் சேருகிற இடத்தில் மூங்கில் பொருந்தாமல் ஒரு கோடு விழுந்திருந்தது. அந்தக் கோடு மணப்பெண்ணின் தலைக்கு நேர் மேலே நின்றது. பெண்ணின் அத்தை படத்தைக் கையில் வாங்கியதும் முகம் மாறினார்.

"டிண்டிங் பெலா கா இனி?" என்றார். இது என்ன, பிளந்த சுவரா என்று அர்த்தம். கல்யாணப் பெண்ணின் தலைக்கு மேல் சுவர் பிளந்திருப்பது அவருக்குத் தாங்கவில்லை.

சேதுபதி சிரித்துச் சமாளித்தார். "மாச்சி, மூங்கில்னா பிளந்துதான் இருக்கும்," என்று மலாயில் சொன்னார்.

"அப்படியானால் காசையும் பிளந்து பாதிதான் தருவேன்," என்று அந்த அம்மாள் பதில் சொன்னார். கூட்டம் சிரித்தது. அன்னத் திரையின் முன் மறுபடி படம் எடுத்துக் கொடுத்தார்கள்.

நல்லையா மூலையில் நின்றார். சிரிக்கவில்லை. மறுநாள் கடைக்கு வந்து, "ஒட்டு தெரியாம ஒரு சொவரு வரையணும், கிராணியாரே. எவ்வளவு நீளம் போட்டாலும் எங்க ஆரம்பிச்சது, எங்க முடிஞ்சதுன்னு தெரியக் கூடாது," என்றார்.

அதற்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

வழி தற்செயலாகக் கிடைத்தது. 1954 ஆகஸ்டில், வரைந்த தாள் ஒன்றை நான்காக மடித்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். மழையில் நனைந்து மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. என் மேசை மேல் நான்கு துண்டையும் காயவைத்தவர் இடம் மாற்றி வைத்துவிட்டார். நான் சரிப்படுத்தப் போனேன். "இருங்க, தொடாதீங்க," என்று கையைப் பிடித்தார். வெகு நேரம் குனிந்து பார்த்தார்.

அவர் கண்டதை எழுதுகிறேன். ஒரு சதுரத் தாளில் மூங்கில் வரைந்து, குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாகச் சரிபாதியில் வெட்ட வேண்டும். மேலே இடப்பக்கத் துண்டைக் கீழே வலப்பக்கம் வைக்க வேண்டும். மேலே வலப்பக்கத் துண்டைக் கீழே இடப்பக்கம். கீழே இருந்தவை இரண்டும் அதேபோல மேலே போகும். இப்போது தாளின் வெளி ஓரங்கள் எல்லாம் நடுவே வந்து சேர்ந்திருக்கும். அங்கே பொருந்தாமல் சிலுவை போல ஒரு கோடு தெரியும். அந்தச் சிலுவை மேல் மட்டும் மறுபடி வரைந்து மறைத்தால் போதும். புதிதாக வெளியே வந்த ஓரங்கள் முன்பு நடுவில் ஒன்றாக இருந்தவை. அவை தானாகவே ஒன்றோடு ஒன்று பொருந்தும். அந்தத் தாளை அச்சாக வைத்து எத்தனை முறை எடுத்து ஒட்டினாலும் சுவர் ஒரே சுவராக ஓடும்.

சைக்கிள் டியூபை வெட்டிப் பல் வைத்துச் சீப்புச் செய்தார். மஞ்சள் காவி காய்ந்ததும் அதன்மேல் கரும்பழுப்பை எண்ணெயில் கரைத்துத் தடவி, சீப்பால் ஒரே இழுப்பாக இழுத்தால் மூங்கில் நார் விழுந்தது. ஒரு தாளில் இருபத்துநான்கு பட்டை, பட்டைக்கு ஒன்றரை அங்குலம். வெளிச்சம் எல்லாப் பட்டைக்கும் இடப்பக்கத்திலிருந்தே விழ வேண்டும். அடுத்தடுத்த பட்டைகளில் கணு ஒரே மட்டத்தில் வரக் கூடாது. இத்தனையும் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

மாதிரிக்கு வைத்துக்கொண்டது தம் அடுப்படிச் சுவரைத்தான். சாயங்காலமானால் அதன் முன் குந்தியிருப்பார். கோகிலாவுக்கு அடுப்புக்குப் போக வழி இருக்காது.

"அசல் சொவத்துல பூனை பூந்து வர்ற அளவுக்கு ஓட்டை," என்று என்னிடம் சொன்னார் கோகிலா. "அத அடைக்க நேரமில்ல. காயிதத்துல மூங்கில் வளக்குறாரு உங்க தோஸ்து."

"அடைக்கிறேன்டி."

"எதுக்கு? அந்த ஓட்டையவும் வரைஞ்சிக்கிங்க. பூனை அதுலயும் வரட்டும்."

அந்தச் சுவரில் விளக்குச் சூட்டில் கருகிய இடம் ஒன்று இருந்தது. நல்லையா அதை அப்படியே தாளில் கொண்டுவந்திருந்தார். அழகாக இருந்தது. அதே தாளை நான்கு பிரதி எடுத்து வரிசையாகத் தொங்கவிட்டபோது கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்னா இது, நாலு வீட்டுலயும் ஒரே எடத்துல பத்திக்கிச்சா?"

நல்லையா அன்றே அந்தக் கருகலைச் சுரண்டி எடுத்தார். "தனியாத் தெரியிற ஒன்னும் இதுல இருக்கக் கூடாது, கிராணியாரே. ஒன்னு கண்ணுல பட்டா, அதே மாதிரி பத்தும் பட்டுடும்," என்றார். ஒரு ஆணித் தலையை எடுத்தார். வண்டு துளைத்த துளையை எடுத்தார். கோணலான கணு ஒன்றை எடுத்தார். பதினேழாம் பட்டையின் அடியில் கடுகளவுக்கு 'ந' என்று போட்டிருந்தார். கடைசியில் அதையும் சுரண்டினார். இது அவர் என்று சொல்ல அந்தத் தாளின் முகத்தில் எதுவும் மிஞ்சவில்லை. வேலை சுத்தமாக முடிந்தது என்று இருவரும் மகிழ்ந்தோம்.

கடைசித் தாளின் நான்கு துண்டுகளை இடம் மாற்றி ஒட்ட அடித்தாள் வேண்டியிருந்தது. 1956 பிப்ரவரி 11, சனிக்கிழமை, கழித்துப்போட வைத்திருந்த நாள்தாள்களில் இருபத்தேழு கொடுத்தேன். அன்றன்று கடையிலிருந்து போன சரக்கை எழுதுகிற தாள் அது. 1955 ஆகஸ்ட் மாதத்தது. கோகிலா மரவள்ளி மாவில் பசை காய்ச்சினார். இரண்டு அடுக்காக ஒட்டினார்கள். மே மாதக் கடைசியில் தாள் முடிந்தது. நான் ஒரு அடி தூரத்தில் நின்று சிலுவையைத் தேடினேன். கிடைக்கவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் சேதுபதி ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்தார். சிங்கப்பூரில் காகித ஆலை ஒன்று, பலகை வீட்டுச் சுவரில் ஒட்டுகிற காகிதம் அச்சடிக்கப் போகிறது. சுதந்திரம் வருகிறது, புதிய வீடுகள் வரும். உள்ளூர்க் கைவேலையாக வேண்டும். தேர்ந்தெடுத்த வடிவத்தை வரைந்தவர் பெயர் ஒவ்வொரு சுருளின் ஓரத்திலும் அச்சாகும் என்று போட்டிருந்தது. சேதுபதி அதைப் படித்துச் சொன்னபோது நானும் நல்லையா வீட்டில் இருந்தேன்.

"ஓரத்துலயா? ஒவ்வொரு சுருள்லயுமா?" என்று நல்லையா மூன்று முறை கேட்டார்.

"ஒவ்வொன்னுலயும்டா. மலாயா முழுக்க ஒன் பேரு சொவத்துல தொங்கும்."

"சொவத்துல தொங்கினா அது செத்தவன் படம்," என்றார் கோகிலா.

நல்லையா காதில் அது விழவே இல்லை. தாளைத் துணியில் சுற்றி, தம் கல்யாண வேட்டியால் கட்டி, சேதுபதி கையில் கொடுத்தார். அவருக்குச் சிங்கப்பூர் தெரியாது, ஆங்கிலம் தெரியாது. சேதுபதிக்கு இரண்டும் தெரியும்.

1956 அக்டோபர் 22, திங்கட்கிழமை, காலை பத்தேகாலுக்குச் சேதுபதி கடைக்கு வந்தார்.

"மருதமுத்தண்ணே, ஒரு ஒத்தாசை. வேலை செஞ்ச முறைய இங்கிலீஷ்ல எழுதிக் கேக்குறாங்க. ஒங்ககிட்டதான் அளவெல்லாம் இருக்கு."

"நல்லையா அனுப்பினானா?"

"அவன் எங்கண்ணே வருவான், கையெல்லாம் சாயம். எழுதுங்க லா."

எழுதினேன். இரண்டு பக்கம். தாளின் அளவு, பட்டைக் கணக்கு, சாயத்தின் பங்கு, வெட்டும் வரிசை, சிலுவையை மறைக்கும் விதம், ஒவ்வொன்றும் நடந்த தேதி. மேலே 'வரைந்தவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. கடைசியில் ஒரு வரி: மேற்கண்டவர் இந்த முறைப்படி இந்த வேலையைச் செய்தார் என்பதற்கு நான் சாட்சி.

பெயர்க் கட்டத்தில் பேனாவை வைத்தேன். சேதுபதி தடுத்தார்.

"அத விடுங்கண்ணே. பேர அங்க போய் டைப் அடிச்சிப் போட்டுக்கிறேன். அதான் பாக்க லட்சணமா இருக்கும்."

விட்டேன். கீழே கையெழுத்துப் போட்டேன். கடையில் வேலை பார்த்த அத்தனை ஆண்டுகளில் காலி பில்லில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. முதலாளியே நீட்டியபோதும் போட்டதில்லை. அன்று போட்டேன். சாயங்காலம் குறிப்பேட்டில், "சேதுபதிக்கு முறை எழுதிக் கொடுத்தது, 2 பக்கம். பெயர் காலி," என்று எழுதினேன். அதற்குப் பிறகும் எனக்கு உறைக்கவில்லை. நல்லையாவுக்கு இது தெரியும் என்றே நினைத்தேன். அதனால் அவரிடம் சொல்லவும் இல்லை.

நவம்பரில் சேதுபதி திரும்பி வந்து, "வச்சிக்கிட்டாங்க, சொல்லி அனுப்புவாங்க," என்றார். மாதம் மாதமாக நல்லையா கேட்டுக்கொண்டிருந்தார். அதே பதில். சுதந்திர நாள் வந்தது, போயிற்று. கடை வாசலில் கட்டிய கொடிகளை நாங்கள் இன்னும் அவிழ்க்கவில்லை. 1957 செப்டம்பர் 9, திங்கட்கிழமை, சிங்கப்பூர் லோரியில் நாற்பது சுருள் காகிதம் இறங்கியது. சரக்குச் சீட்டோடு ஒத்துப் பார்க்க ஒன்றைப் பிரித்தேன்.

இருபத்துநான்கு பட்டை. இடப்பக்க வெளிச்சம். சுருள் ஓட ஓட எங்கும் ஒட்டுத் தெரியவில்லை. ஓரத்தைப் படித்தேன். மறுபடி படித்தேன். அந்தச் சுருளை என் காசில் வாங்கிக்கொண்டு சைக்கிளில் காஜா பெராங் போனேன்.

நல்லையா முதலில் காகிதத்தைத்தான் பார்த்தார். முகம் மலர்ந்தது. தரையில் உருட்டிவிட்டு, பக்கத்தில் மண்டிபோட்டு, கூடவே நகர்ந்தார். "கோகிலா, வந்து பாரு. எங்க ஒட்டு, காட்டு பாக்கலாம்," என்றார். பிறகுதான் ஓரத்தில் விரல் வைத்து, "இதுதான் என் பேரா?" என்று என்னைக் கேட்டார்.

நான் படித்துச் சொன்னேன்.

அப்படியே ஸ்டூடியோவுக்கு நடந்தோம். சேதுபதி நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாடா. பசியாறிட்டியா?"

நல்லையா காகிதத்தின் ஓரத்தை மேசை மேல் வைத்தார். "இதப் படி."

"எனக்குப் படிக்கத் தெரியாதாடா?"

"எனக்குத் தெரியாது. கிராணியார் சொன்னாரு. ஒன் வாயால சொல்லு."

சேதுபதி துணியை உதறி மடித்தார். "எந்தக் கம்பெனின்னு கேட்டானுங்கடா. சாயக்காரன்னா வாசல்லயே தூக்கிப் போட்டிருப்பான். ஸ்டூடியோ பேரச் சொன்னதாலதான் உள்ளயே எடுத்தான்."

"சரி. அத வந்து சொல்லிருக்கலாமே."

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"பத்து மாசம்டா. போன ஞாயித்துக்கெழம என் வீட்டுல சோறு தின்ன. கோகிலா கருவாட்டுக் கொழம்பு ஊத்துனா. ரெண்டாவது தடவ கேட்டு வாங்குன. அப்பச் சொல்லிருக்கலாம்."

சேதுபதி மேசை இழுப்பறையைத் திறந்தார். நல்லையா அதைக் காலால் தள்ளி மூடினார்.

"காசா கேட்டேன்? எழுதிக் குடு. வரைஞ்சது நல்லையான்னு ஒரு வரி எழுதி அவனுங்களுக்கு அனுப்பு. ஓரத்த மாத்தட்டும்."

"எழுதுனா நான் பொய்யன்னு ஆயிடும்ல."

"ஆமா."

சேதுபதி குரலை மாற்றிக்கொண்டார். "நீ வரைஞ்சேன்னு அதுல எங்கடா இருக்கு? காட்டு. நாலு பேர் முன்னாடி காட்டு." என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கண்ணே, எல்லாம் முறைப்படிதான நடந்துச்சு?"

அவர் கண் என் மேலேயே நின்றது. எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நல்லையாவுக்குப் புரியவில்லை. நான் காகிதத்தைச் சுருட்டினேன்.

வீட்டுக்கு வந்து நல்லையா அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "அவன் சொல்றது நெசந்தான். அதுல ஒன்னுமே இல்ல. இருந்ததையும் நானே சொரண்டுனேன்."

கோகிலா கரண்டியோடு திரும்பினார். "முன்னாடி இல்ல. பின்னாடி? பசை காச்சி ஒட்டுனோமே, அந்தத் தாளெல்லாம் யாரு கையெழுத்து?"

நல்லையா என்னைப் பார்த்தார். அன்று அவர் முகத்தில் வந்த நம்பிக்கையை நான் மறக்கவில்லை. இருபத்தேழு நாள்தாள், எல்லாவற்றிலும் தேதி, எல்லாம் என் எழுத்து. ஆலைக்காரர்கள் மூலத்தாளைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

செப்டம்பர் 16இல் முதல் கடிதம் அனுப்பினேன். அக்டோபர் 8இல் பதில் வந்தது: ஆதாரம் என்ன? அக்டோபர் 15இல் இரண்டாவது கடிதம். நாள்தாள்களின் தேதிகளையும் வரிசையையும் எழுதி, மூலத்தாளின் பின்பக்கத்தைப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். டிசம்பர் 2இல் பதில்: மேலாளர் ஊரில் இல்லை, வந்ததும் பார்க்கிறோம்.

இரண்டு கடிதங்களையும் தபாலில் சேர்க்குமுன் நல்லையாவுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். முந்தைய ஆண்டு அக்டோபர் 22இல் நான் போட்ட சாட்சிக் கையெழுத்தைப் பற்றி எழுதினால், அதையும் அவரிடம் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே இரண்டிலும் எழுதவில்லை. என் வாழ்க்கையில் தெரிந்தே விட்ட பதிவு அது ஒன்றுதான்.

டிசம்பர் முதல் நல்லையா தினமும் ஐந்து மணிக்குக் கடைக்கு வந்தார். தபால் வந்ததா என்று கேட்க மாட்டார். ஆணிப் பெட்டி மேல் உட்கார்ந்து நான் பேரேட்டை மூடும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காகிதம் பட்டணமெங்கும் பரவியது. காப்பிக் கடை, முடிவெட்டும் கடை, பள்ளிக்கூட மேடை. சேதுபதி ஸ்டூடியோவைப் பெரிதாக்கினார். 1960இல் சிங்கப்பூருக்கே போய்விட்டார். நல்லையா 1958 மே மாதம் காஜா பெராங் வீட்டை விட்டு குருபோங் பக்கம் போனார். வாயிற்கதவு, இரும்பு வேலி, பாலத்துக் கைப்பிடி, இவற்றுக்குச் சாயம் அடித்தார். எல்லாம் ஒரே நிறம். சீப்பைத் தொடவில்லை. தெங்கேராவில் ஒரு ஒட்டுக்கடை, சின்னக் காப்பிக் கடை, முழுவதும் அந்தக் காகிதம் ஒட்டியிருந்தது. ஒருநாள் அவர் அங்கே வெயிலில் நின்றபடி காப்பி குடித்ததைச் சடக்கின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். கடைக்காரர் உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் போகவில்லை. 1971 நவம்பர் 18இல் இறந்தார். இறப்புக்குப் போயிருந்தேன். கோகிலா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பேசவில்லை.

இனி ஆலையின் மூன்றாவது கடிதம். அது வந்த அன்றும் நல்லையா ஐந்து மணிக்கு வந்தார். உறை மேசை மேல் இருந்தது. அதன் மூலையில் ஆலையின் அடையாளம் இருந்தது. ஆங்கில எழுத்துத் தெரியாவிட்டாலும் அதை அவருக்குத் தெரியும். மறைக்க முடியவில்லை. முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன்.

மூலத்தாளைத் திருப்பிப் பார்த்தார்களாம். நான் எழுதிய தேதிகளில், நான் எழுதிய வரிசையில், நாள்தாள்கள் இருக்கின்றனவாம். ஆனால் அவர்களிடம் இன்னொரு தாளும் இருக்கிறது. அதுவும் அதே கையெழுத்து. வேலை முறை முழுவதும் அதில் இருக்கிறது. செய்தவர் பெயர் சேதுபதி. அதற்குக் கீழே, மேற்கண்டவர்தான் செய்தார் என்று அதே கடிதக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரே மனிதர் எழுதிய இரண்டில் எது பொய் என்று தீர்மானிக்க எங்களால் இயலாது. இது குறித்து இனி எழுத வேண்டாம்.

நல்லையா கடிதத்தின் மேல் விரல் வைத்தார்.

"அந்த இன்னொரு தாளு, நீங்க எழுதுனதா?"

"ஆமாம்."

"யாருக்கு?"

"சேதுபதி கேட்டான். நீ அனுப்பினேன்னு நினைச்சேன். பேர் போடல, காலியா விட்டேன். அவன் அங்க போய் உன் பேரப் போடுவான்னு..."

"என் பேரப் போடுறேன்னு சொன்னானா?"

குறிப்பேட்டைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. "பேரப் போட்டுக்கிறேன்னான். யார் பேர்னு நான் கேக்கல."

"அன்னிக்கி ஸ்டூடியோவுல அவன் ஒங்களப் பாத்தானே. அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ரெண்டு கடுதாசி எழுதுனீங்களே, அப்பவும்."

"தெரியும்."

அவர் எழுந்து சைக்கிள் சாவியைத் தேடினார். சாவி கையிலேயே இருந்தது.

"அவன் திருடன். சரி, அது தெரிஞ்சி போச்சு," என்றார். "நீங்க எழுதாம விட்டது ஒன்னும் இருக்காதுன்னு நான் நெனச்சிக்கிட்டிருந்தேன், கிராணியாரே."

கடிதத்தை எடுத்துக்கொள்ளவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார், ஏறவில்லை. கடைக்கு வருகிற கடிதம் ஒவ்வொன்றிலும் வந்த நாளைக் குறித்துத்தான் கோப்பில் வைப்பேன். அதிலும் குறித்தேன்.

வந்தது: 1958 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.